முற்றிற்று என்று சொல்வது யார்?

ஒருவர் பேசுவதைக் கேட்டுப் பொருள் கொள்வதற்கு முதலில் வேண்டுவது யாது? சொல் தெரிந்திருத்தல் என்பர் சிலர். இலக்கணம் தெரிந்திருத்தல் என்பர் வேறு சிலர். இவ்விரண்டினும் முற்பட்டதொன்று உண்டு. பேசுவோர் பேசி முடித்துவிட்டார் என்பதை அறிதலே அது. நம் தமிழில் வினை ஈற்றில் நிற்பது. 'கொடுக்க' என்ற அளவில் கேட்டு எழுந்து போனவன் 'கொடுக்க வேண்டும்' என்று கொள்வான். பேசியவரோ 'கொடுக்க வேண்டா' என்று முடித்திருப்பார். அவன் கேட்ட சொல்லில் பிழையில்லை. கேட்பதை நிறுத்திய இடத்தில்தான் பிழை.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் வினையெச்சத்தையும் வினைமுற்றையும் பாடம் சொல்லி வரும் எமக்கு, இப்பழைய பாடம் ஒரு கணிப்பொறித் திரையின் வாயிலாகப் புதுப்பொருள் தந்தது. பார்வையற்றோர் பயன்படுத்தும் 'ஸ்கிரீன் ரீடர்' என்னும் திரைவாசிப்பானுக்குத் துணை நிரல் எழுதும் கலையைப் பற்றியது அது. தமிழ்த்துறை மலருக்கு இச்செய்தி எதற்கு என்று சிலர் வியக்கக்கூடும். படித்து முடித்தபின் இஃது இலக்கணச் செய்தியே என்று அன்னோர் உணர்வர் என நம்புகிறோம்.

எச்சமும் முற்றும்

'வந்து' என்று ஒருவர் சொன்னால் கேட்பவர் காத்திருக்கிறார். 'வந்த' என்றால் ஒரு பெயரை எதிர்நோக்கிக் காத்திருக்கிறார். 'வந்தான்' என்றதும் மனம் அமைதி கொள்கிறது. எச்சம் என்பது எஞ்சி நிற்பது. முற்று என்பது முடிந்து நிற்பது. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் இறுதி இயலுக்கு எச்சவியல் என்றே பெயரிட்டு, அதனுள் பத்து வகை எச்சங்களை எண்ணிக் கூறினார். எஞ்சி நிற்பதை அறியாதவன் சொல்லறிந்தும் பொருளறியாதவன் ஆவான் என்பதை நம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர்.

வாக்கியத்துக்கு முற்று இருப்பது போலவே நூலுக்கும் அவர்கள் முற்று வைத்தனர். பழைய நூல்களின் இறுதியில் 'முற்றிற்று' என்று ஒரு சொல் காணப்படும். ஏட்டுச்சுவடி புரட்டுவோர்க்கு அச்சொல்லின் அருமை தெரியும். அஃது இல்லாத சுவடியில், நூல் இவ்வளவுதானா, கடைசி ஏடுகள் தொலைந்து போயினவா என்ற ஐயம் தீராமல் நிற்கும். 'முற்றிற்று' என்பது நூலின் பொருளைச் சேர்ந்த சொல் அன்று. ஆயினும் அச்சொல் இருந்தால்தான் முன்னே உள்ள பொருள் முழுமையானது என்று உறுதி பிறக்கும்.

கணிப்பொறித் திரைக்கு இத்தகைய முற்று இயல்பாக அமைவதில்லை. ஒரு விசையை அழுத்துகிறோம். திரையின் ஒரு மூலை மாறுகிறது; பிறகு மற்றொரு மூலை மாறுகிறது; நடுவில் சற்றுத் தயக்கம்; பின்னர் இன்னொரு வரி வந்து சேர்கிறது. கண்ணுடையார் இதனைப் பொருட்படுத்துவதில்லை. சுழலும் வட்டம் நிற்கும்வரை, தாம் காத்திருப்பதையே உணராமல் காத்திருக்கின்றனர். திரை முழுவதையும் ஒருசேரக் காணும் கண்ணுக்கு, எது பழையது, எது புதியது, எங்கே இன்னும் அசைவு இருக்கிறது என்பதெல்லாம் ஒரே நோக்கில் புலப்பட்டுவிடும்.

செவிக்கு அந்த வசதி இல்லை. செவி ஒரு நேரத்தில் ஒரு சொல்லையே ஏற்கும். அந்தச் சொல்லைத் திரையிலிருந்து எப்போது எடுப்பது என்பதை யாரேனும் முன்னரே தீர்மானித்தாக வேண்டும்.

திரை பேசத் தொடங்கிய வரலாறு

1980களில் வழங்கிய டாஸ் கணிப்பொறியின் திரை எளியது. வரிக்கு 80 எழுத்து வீதம் 25 வரிகள், அவ்வளவே. ஒவ்வோர் எழுத்தும் நினைவகத்தில் தனக்கென ஓர் இடம் பெற்றிருந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஜிம் தாட்சர் அந்த நினைவகத்தை நேரே படித்துப் பேசும் மென்பொருளை உருவாக்கினார். அதற்கு அவர் இட்ட 'ஸ்கிரீன் ரீடர்' என்னும் பெயரே பின்னர் இவ்வகை மென்பொருள் அனைத்துக்கும் பொதுப்பெயர் ஆயிற்று.

மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்து, 1978இல் சாலை விபத்தொன்றில் பார்வை இழந்தவர் டெட் ஹென்டர் என்னும் அமெரிக்கர். அவர் தொடங்கிய நிறுவனம் 1989இல் டாஸ் கணிப்பொறிக்கும், 1995இல் விண்டோஸ் கணிப்பொறிக்கும் 'ஜாஸ்' என்னும் திரைவாசிப்பானை வெளியிட்டது. 'பேச்சின் துணையால் வேலைக்கு வழி' என்பது அப்பெயரின் ஆங்கில விரிவுக்குப் பொருள். பிழைப்புக்கான கருவி என்பதைப் பெயரிலேயே அறிவித்துக்கொண்ட மென்பொருள் அது. 2006இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கரன் 'என்.வி.டி.ஏ.' என்னும் திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். அஃது எவரும் விலையின்றிப் பெறத்தக்கது. அதனுடன் வரும் 'ஈஸ்பீக்' குரல் தமிழையும் படிக்கும். விலை கொடுத்து வாங்க இயலாத எத்தனையோ இல்லங்களுக்கு அது கண்ணாயிற்று.

விண்டோஸ் வந்தபின் திரையில் எழுத்து என்று தனியே ஒன்று இல்லாமற்போயிற்று, யாவும் ஓவியமாயின. எனவே, எங்கே எதனை வரை என்று மென்பொருள்கள் இடும் கட்டளைகளை ஒட்டுக்கேட்டு, திரைவாசிப்பான் தன் நினைவகத்தில் ஒரு நிழல்திரையை அமைத்துக்கொண்டது. பின்னாளில் மென்பொருள்கள் தம் பகுதிகளின் பெயரையும் நிலையையும் தாமே தெரிவிக்கும் ஏற்பாடுகளும் வந்தன. ஆயினும் உலகில் உள்ள மென்பொருள்கள் எண்ணிறந்தவை. அவை ஒவ்வொன்றின் போக்கையும் திரைவாசிப்பான் முன்கூட்டியே அறிந்திருக்க இயலாது. ஆகவே பயன்படுத்துவோரே குறிப்பிட்ட ஒரு மென்பொருளுக்கெனத் தனிக் குறிப்புகளை எழுதிச் சேர்க்க இடம் வைத்தனர். அக்குறிப்புகளையே 'ஸ்கிரிப்ட்' என்பர். ஜாஸுக்கு அதற்கெனத் தனிமொழி உண்டு, என்.வி.டி.ஏ.க்குப் பைத்தான் மொழியில் எழுதலாம்.

பாதிச் செய்தியின் கேடு

எம் தமக்கையின் மகன் பள்ளிப் பருவத்திலேயே விழித்திரை நோயால் பார்வை குன்றி, கல்லூரியில் கால் வைக்கும்போது முற்றிலும் இழந்தவன். இன்று ஒரு வங்கிக் கிளையில் எழுத்தர். அவன் காதில் ஒலிக்கும் திரைவாசிப்பான் பேசும் வேகத்தில் எம்மால் ஒரு சொல்லையும் பிரித்தறிய இயலவில்லை. அவனுக்கோ அது நிதானமான பேச்சு. அவனுடைய தொழிலில் வேகத்தினும் இன்றியமையாதது, கேட்கும் சொல்லை நம்பலாம் என்னும் உறுதி.

வங்கியின் பெயர் ஈண்டு வேண்டா. அங்கே பயன்படும் மென்பொருளில் ஒரு கணக்கின் எண்ணை அடித்து விசையை அழுத்தினால், முதலில் பெயர் மாறும். அடுத்து முகவரி மாறும். இருப்புத் தொகை இறுதியில் மாறும். அது மாறும்வரை முந்தைய வாடிக்கையாளரின் தொகையே அவ்விடத்தில் நிற்கும். கண்ணுடைய எழுத்தர்க்கு இஃது ஒரு கணநேரக் கலக்கம். செவியால் கேட்பவனுக்கோ, புதியவர் பெயருக்குப் பின்னே பழையவர் தொகை, ஐயத்துக்கு இடமில்லாத ஒரே தெளிவான குரலில் வந்து விழுகிறது.

முதிய பெண்மணி ஒருவர் வந்து, "தம்பி, பென்ஷன் பணம் ஏறிருச்சாப்பா?" என்று கேட்டிருக்கிறார். கணக்கு எண்ணை அடித்தான். அவர் பெயரைச் சொல்லி, இருநூற்றுச் சொச்சம் என்றது இயந்திரம். ஏறவில்லை என்று சொல்லியிருந்தால் அவ்வம்மையார் பேருந்தேறி ஊர் திரும்பியிருப்பார். எதையும் இருமுறை கேட்பது அவன் வழக்கம். மீண்டும் விசையைத் தட்டினான். அதே பெயர்; வேறு தொகை. பணம் வந்திருந்தது.

"மாமா, மெஷின் பொய் சொல்லலை. ஸ்கிரீன்ல இருந்ததைத்தான் சொல்லிச்சு. ஸ்கிரீன்தான் பாதி பழசு, பாதி புதுசு" என்று அவன் அன்றிரவு எம்மிடம் சொன்னான். அதன்பின் மேலதிகாரியின் ஒப்புதலைப் பெற்று, அத்திரைக்கென ஒரு ஸ்கிரிப்ட் எழுத முற்பட்டான். விடுமுறை நாள்களில் அவன் அதனைப் பற்றிப் பேசப் பேச, யாம் இலக்கணப் புத்தகத்தை மனத்துள் புரட்டிக்கொண்டிருந்தோம்.

காத்திருக்கும் நான்கு முறைகள்

திரை மாறி முடிந்ததை அறிய, ஸ்கிரிப்ட் எழுதுவோர் கையாளும் முறைகள் பெரும்பாலும் நான்கினுள் அடங்கும்.

முதலாவது, அளவிட்டுக் காத்தல். விசையை அழுத்தியபின் இவ்வளவு நேரம் பொறுத்துப் பிறகு படி என்று கட்டளையிடுவது. ஜாஸ் மொழியில் இதற்கு 'டிலே' என்னும் கட்டளை உண்டு. ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கே அதன் அலகு. கண்ணிமைப் பொழுதையும் கைந்நொடிப் பொழுதையும் மாத்திரை என்று வகுத்து எழுத்துக்கு அளவு கண்ட மரபினர்க்கு இஃது அயலான கருத்தன்று. ஆனால் எழுத்துக்கு மாத்திரை நிலையானது, வலைப்பின்னலுக்கு அவ்வாறன்று. காலையில் ஒரு நொடியில் வரும் விடை, கூட்டம் மிகுந்த நண்பகலில் ஐந்து நொடி எடுத்துக்கொள்ளும். ஒரு நொடி வைத்தால் நண்பகலில் பொய். ஐந்து நொடி வைத்தால் நாள் முழுதும் தாமதம். நாளொன்றுக்கு 200 கணக்குகளைத் திறப்பவன் ஒவ்வொன்றுக்கும் ஐந்து நொடி காத்தால் 1,000 நொடி, அதாவது ஏறத்தாழ 17 நிமிடம், வெறுமனே கழியும். 'கண்ணில்லாதவன் மெதுவாகத்தான் செய்வான்' என்ற பேச்சு பல அலுவலகங்களில் இப்படித்தான் பிறக்கிறது.

இரண்டாவது, அடையாளம் பார்த்துக் காத்தல். திரையில் எல்லாவற்றுக்கும் பின்னே வந்து சேரும் ஒன்றைக் கண்டுபிடிப்பது. ஆயத்தம் என்று தோன்றும் ஒரு சொல்லோ, மறையும் மணற்கடிகைக் குறியோ, அதுவரை மங்கியிருந்து பின் உயிர்பெறும் ஒரு பொத்தானோ அவ்வடையாளம் ஆகலாம். ஸ்கிரிப்ட் சிறு இடைவெளிகளில் எட்டிப் பார்க்கிறது. அடையாளம் வந்துவிட்டதெனில் படிக்கிறது. இது முற்றுவிகுதியைத் தேடுவது போன்றது. நல்ல அடையாளம் வாய்த்தால் இதனினும் சிறந்த முறை இல்லை. வாய்ப்பதுதான் அரிது.

மூன்றாவது, அமைதி பார்த்துக் காத்தல். திரையில் ஏதேனும் மாறினால் திரைவாசிப்பானுக்குச் செய்தி வரும். ஒவ்வொரு செய்தி வரும்போதும் ஸ்கிரிப்ட் ஒரு சிறு கடிகையைத் திருப்பி வைக்கிறது. கடிகை ஓடி முடியும்முன் இன்னொரு மாற்றம் வந்தால், பழைய கடிகையைத் தள்ளிவிட்டுப் புதிதாக வைக்கிறது. மாற்றம் ஏதுமின்றிக் கடிகை முழுதும் ஓடி முடிந்தால், திரை அடங்கிவிட்டது என்று கொண்டு படிக்கிறது. ஜாஸில் 'ஷெட்யூல் ஃபங்ஷன்' கடிகையை வைக்கும். 'அன்ஷெட்யூல் ஃபங்ஷன்' அதனைத் தள்ளும். எதிரே இருப்பவர் பேச்சை நிறுத்தியதும், மேலும் ஏதேனும் சொல்வாரோ என்று ஒரு மூச்சு பொறுத்துப் பின் நாம் பேசத் தொடங்குகிறோம் அல்லவா? அந்த நாகரிகமே இது.

இம்முறையிலும் இடர் உண்டு. திரையின் மூலையில் நொடிதோறும் மாறும் கடிகாரம் ஒன்று இருந்தால் அமைதி என்பது என்றுமே வாராது. ஆகவே வேண்டிய பகுதியை மட்டும் கவனி, ஏனையவற்றை விட்டுவிடு என்று எல்லை வகுக்க வேண்டும்.

நான்காவது, ஒப்பிட்டுக் காத்தல். முன்னிருந்த எழுத்தையும் இப்போதுள்ள எழுத்தையும் அருகருகே வைத்து, மாறியிருந்தால் படிப்பது. இருப்புத் தொகை மாறும்வரை பொறு என்று எழுதிவிடலாமே என்றோம். அவன் சிரித்தான். "அடுத்தடுத்து ரெண்டு கணக்கிலயும் பேலன்ஸ் ஜீரோவா இருந்தா என்ன பண்றது மாமா? மாறவே மாறாதே" என்றான். மாற்றமின்மை முடிவைக் குறிப்பதும் உண்டு. தொடங்காமையைக் குறிப்பதும் உண்டு. வெறும் ஒப்பீடு இவ்விரண்டையும் பிரித்தறியாது.

முற்றெச்சம் என்னும் பொறி

நம் இலக்கணத்தில் முற்றெச்சம் என்று ஒன்று உண்டு. உருவத்தில் முற்றாக இருக்கும். பொருளில் எச்சமாகத் தொழிற்படும். 'எடுத்தனன் உண்டான்' என்னும்போது 'எடுத்தனன்' என்பது முற்றுப்போல் நின்று, 'எடுத்து' என்னும் பொருள் தருகிறது. அன்றாடப் பேச்சிலும் இதனை ஒத்த நிலை உண்டு. 'அவன் வந்தான்' என்று முடிந்ததுபோல் தோன்றும்; உடனே 'என்று சொன்னார்கள்; வரவில்லை' எனத் தொடரும். முதல் முற்றை நம்பியவன் ஏமாந்தான்.

எம் தமக்கை மகன் சில வாரம் மல்லாடியது இம்முற்றெச்சத்தோடுதான். அத்திரையில் அச்சிடும் பொத்தான் உயிர்பெறுவதே இறுதி அடையாளம் என்று முதலில் கண்டான். நாள் முழுதும் சோதித்ததில், வலைப்பின்னல் மந்தமான வேளைகளில் பொத்தான் முந்திக்கொண்டு, தொகை பிந்தி வந்தது. அடுத்து அமைதியைப் பார்த்தான். முகவரிக்கும் தொகைக்கும் இடையே நேர்ந்த நீண்ட தயக்கத்தை முடிவென்று கொண்டுவிட்டது ஸ்கிரிப்ட். ஓர் அறிகுறியை மட்டும் நம்பினால் ஏமாற்றம் உறுதி என்பது தெளிவாயிற்று.

முடிவில் அவன் வகுத்த நெறி இது: கணக்கு விவரம் உள்ள பகுதியை மட்டும் கவனிக்க வேண்டும். பொத்தான் உயிர்பெற்றிருக்கவும் வேண்டும். அதன்பின் அப்பகுதி குறிப்பிட்ட நேரம் அசையாதிருக்கவும் வேண்டும். இரண்டும் ஒருங்கே அமைந்தாலன்றிப் பேசக்கூடாது. தொகை முந்தைய கணக்கின் தொகையாகவே இருந்தால், இன்னும் சற்றுப் பொறுத்து ஒருமுறை மீண்டும் பார்த்த பின்னரே படிக்க வேண்டும். எட்டு நொடி கடந்தும் அடையாளங்கள் அமையவில்லை எனில், கையில் உள்ளதைப் படித்துவிடாமல், 'இன்னும் முடியவில்லை' என்று மட்டும் சொல்லி நிறுத்த வேண்டும்.

இக்கடைசி விதியே எம் நெஞ்சைத் தொட்டது. ஊகித்துச் சொல்வது எளிது. பெரும்பாலும் அது சரியாகவும் இருந்துவிடும். ஆயினும், எப்போதேனும் ஒருமுறை தவறும் குரலை எப்போதுமே நம்ப முடியாது. தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லும் குரல்தான், தெரிந்ததைச் சொல்லும்போது நம்பத் தகுந்ததாகிறது. ஆசிரியத் தொழிலில் இருப்போர் இதனை ஒரு கணிப்பொறி நிரலிடமிருந்து கற்றுக்கொள்வதில் இழுக்கொன்றும் இல்லை.

காத்திருப்பதற்கும் ஒரு முறைமை உண்டு என்பதை அவன் மேலும் விளக்கினான். காத்திருக்கும் ஸ்கிரிப்ட் திரைவாசிப்பானை முடக்கிவிடக் கூடாது. இத்தனை நொடி உறங்கு என்று என்.வி.டி.ஏ.யின் முதன்மை ஓட்டத்தில் எழுதிவிட்டால், அத்தனை நொடியும் அது வாய்பேசாது. அடித்த எழுத்தையும் சொல்லாது. கண்ணுடையார்க்குத் திரை முழுதும் இருண்டு போனாற் போன்ற நிலை அது. எனவே உறங்காமல், பின்னொரு நேரத்துக்குப் பணியைக் குறித்து வைத்துவிட்டு, மற்ற வேலைகளைக் கவனிக்க வேண்டும். இடையில் எழுத்தர் வேறு கணக்குக்கோ வேறு சாளரத்துக்கோ போய்விட்டால், குறித்துவைத்த பணியைக் கைவிட வேண்டும். இல்லையேல் சென்ற கணக்கின் செய்தி வந்த கணக்கின்மேல் ஒலிக்கும். எந்த நோய்க்கு மருந்து தேடினோமோ அதே நோய் மருந்தாலேயே வந்து சேரும்.

சொல்ல வேண்டியவர் யார்?

இவ்வளவும் கேட்டபின் எமக்கு ஒரு வினா எழுந்தது. திரை மாறி முடிந்ததா என்பது உலகில் எவருக்குமே தெரியாத மறைபொருளா? இல்லை. திரையை மாற்றும் மென்பொருளுக்கு அது திட்டவட்டமாகத் தெரியும். கடைசித் தொகையை எழுதி வைத்தது அதுதான். தெரிந்தது சொல்லாமல் இருக்க, தெரியாதது புறத்தே நின்று நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. உலகளாவிய வலையின் தரங்களை வகுக்கும் டபிள்யு3சி அமைப்பு, 'ஏரியா' எனச் சுருங்க வழங்கும் விதிமுறைகளின் முதற்பதிப்பை 2014 மார்ச்சில் தன் பரிந்துரையாக வெளியிட்டது. அதன்படி வலைப்பக்கம் எழுதுவோர், திரையில் மாறக்கூடிய பகுதியை 'லைவ்' என்று குறித்து வைக்கலாம். அம்மாற்றத்தைச் சொல்லும் முறையையும் குறிக்கலாம். 'பொலைட்' என்று குறித்தால் திரைவாசிப்பான் தான் சொல்லிக்கொண்டிருப்பதை முடித்துவிட்டு மாற்றத்தைச் சொல்லும். 'அசெர்ட்டிவ்' என்று குறித்தால் இடைமறித்துச் சொல்லும். இவற்றோடு 'பிஸி' என்று ஒரு குறிப்பும் உண்டு. மாற்றம் தொடங்கும்போது ஆம் என்றும், முடிந்ததும் இல்லை என்றும் அதனை மாற்றி வைத்தால், இடைப்பட்ட நேரத்தில் திரைவாசிப்பான் பொறுத்திருக்கலாம். 'பிஸி இல்லை' என்னும் அந்தக் குறிப்புத்தான் திரையின் 'முற்றிற்று'. நூலின் இறுதியில் நம் முன்னோர் பொறித்த அதே சொல்.

எழுதுவோர்க்கு இது பெருஞ்சுமை அன்று. தொடக்கத்தில் ஒரு வரி, முடிவில் ஒரு வரி. அவ்விரு வரிகள் இல்லாமையால், பார்வையற்ற எழுத்தர் ஒருவர் வாரக்கணக்கில் விடுமுறை நாள்களைச் செலவிட்டுப் புறத்தே நின்று ஊகிக்கும் நிரலை எழுதுகிறார். அந்நிரலுக்கும் ஆயுள் குறைவு. மென்பொருள் புதுப்பிக்கப்பட்டுப் பொத்தானின் இடமோ பெயரோ மாறினால், மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எம் தமக்கை மகனுக்கு இஃது இருமுறை நேர்ந்துவிட்டது. அவன் முணுமுணுக்கவில்லை. "எழுதத் தெரிஞ்ச நானே இந்தப் பாடு படுறேன். எழுதத் தெரியாதவங்க என்ன செய்வாங்க மாமா?" என்று மட்டும் கேட்டான்.

நியாயமான வினா. 1995ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு 3 விழுக்காடு இடம் ஒதுக்கியது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 4 விழுக்காடாக உயர்த்தியது. பார்வையற்றோர்க்கும் குறைபார்வையுடையோர்க்கும் அதில் 1 விழுக்காடு உரியது. சட்டம் வாயிலைத் திறந்தது. உள்ளே நாற்காலியும் கிடைத்தது. ஆனால் மேசைமேல் உள்ள திரை முற்றுச் சொல்லாமல் நின்றால், அந்நாற்காலியில் அமர்ந்தவர் ஒவ்வொரு விசைக்கும் ஐயுற்றுக்கொண்டே பணியாற்ற வேண்டியிருக்கும். வேலை கிடைப்பது ஒன்று. அவ்வேலையைப் பிறர்போல் ஐயமின்றிச் செய்ய முடிவது மற்றொன்று. முன்னதைச் சட்டம் தரலாம். பின்னதை, மென்பொருள் எழுதும் கை தந்தால்தான் உண்டு.

மாணவச் செல்வங்களுக்கு

அன்பு மாணவர்களே, தமிழ் படித்த உங்களுள் பலர் நாளை கணிப்பொறித் துறைக்குச் செல்லக்கூடும். வலைப்பக்கம் அமைப்போராகவோ, மென்பொருளைச் சோதிப்போராகவோ, தமிழில் அதற்குச் சொல் தருவோராகவோ ஆகலாம். அங்கே சென்றபின் எச்சமும் முற்றும் பயன்படாப் பழம்பாடம் என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் திரையைக் காணாமல் கேட்கும் ஒருவர் எங்கோ இருக்கிறார் என்பதை நினைவில் கொள்ளுங்கள். நீங்கள் மாற்றும் ஒவ்வொரு பகுதியும் மாறத் தொடங்கியதையும் மாறி முடிந்ததையும் சொல்லுகிறதா என்று பாருங்கள். ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு, விலையின்றிக் கிடைக்கும் அந்த என்.வி.டி.ஏ.யைக் காதில் பொருத்தி, நீங்கள் செய்த பக்கத்தை நீங்களே கேட்டுப் பாருங்கள். எது எஞ்சி நிற்கிறது என்பது அப்போது விளங்கும்.

புறத்தே நின்று நிரல் எழுதுவோரும் உங்களுள் தோன்றட்டும். எல்லா மென்பொருளும் திருந்தும்வரை அவர்கள் பணி தேவைப்படும். அவர்களுக்கு யாம் கூறுவது ஒன்றே: விரைந்து சொல்வதினும் முழுமையாகச் சொல்லுங்கள், முழுமை உறுதியாகாவிடில், முடியவில்லை என்பதையாவது உள்ளபடி சொல்லுங்கள். ஓய்வூதியம் வந்ததா என்று கேட்டு நிற்கும் ஒரு முதியவரின் ஒருநாள் அலைச்சல், அந்தச் சிறு பொறுமையில் அடங்கியிருக்கிறது.